நடுக்குவாதமும் மூளைக் கொழுப்பும்

வயது முதிர்ந்த ஒருவர் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். கை மடியில் சும்மா கிடக்கும்போதே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஏதோ மாத்திரை உருட்டுவது போல ஓயாமல் அசைகின்றன. எழுந்து நடக்கச் சொன்னால் முதல் அடி எடுத்து வைக்கவே நேரமாகிறது. எடுத்து வைத்த பின்போ, முன்பக்கம் சாய்ந்தபடி சிறுசிறு அடிகளாக விரைகிறார். முகத்தில் மகிழ்ச்சியோ சினமோ தெரிவதில்லை. இத்தகைய முதியவரை நம்மில் பலர் பார்த்திருப்போம். நடுக்குவாதம் என்று மக்கள் சொல்லும் இந்நோயை மருத்துவ நூல்கள் பார்க்கின்சன் நோய் எனக் குறிக்கின்றன.

இந்நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருமா? நோயாளியின் மகனோ மகளோ மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. 1980களில் பெரும்பாலான மருத்துவர்கள் 'வராது' என்றே விடையளித்தனர். இன்று அவ்வளவு எளிதாக விடை சொல்லிவிட முடியாது. அந்த விடையை மாற்றிய முக்கியமான துப்புகளுள் ஒன்று, நடுக்குவாத நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர்களிடமிருந்து கிடைக்கவில்லை. மண்ணீரல் வீங்கிய நோயாளிகளைப் பார்த்துவந்தவர்களே அதனைக் கண்டனர். மூளையிலும் உடலெங்கும் உள்ள ஒரு வகைக் கொழுப்பே இவ்விரு நோய்களுக்கும் பாலமாக அமைந்தது. அப்பாலம் கண்டறியப்பட்ட கதை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது.

தெருவில் கண்ட நோயாளிகள்

ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டன் நகரை அடுத்த ஹாக்ஸ்டன் என்னும் பகுதியில் மருத்துவத் தொழில் செய்து வந்தவர். புதைபடிவங்களைத் திரட்டி ஆராய்வதிலும் புகழ்பெற்றவர். 1817ஆம் ஆண்டில் அவர் 'நடுக்க வாதம்' பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரிலும் எல்லோரும் அவரிடம் மருத்துவம் பார்த்துக்கொண்டவர்கள் அல்லர்; சிலரைத் தெருவில்தான் கண்டார். ஒருவரைத் தொலைவிலிருந்து பார்த்ததோடு சரி. ஆயினும் நோயின் நடையையும் நடுக்கத்தையும் அவர் எழுதிக் காட்டிய விதம் இன்றைய மாணவருக்கும் பாடமாகத் தகும். நோய்க்குக் காரணம் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. உடற்கூறு வல்லுநர்கள் இறந்தவர்களின் உடலைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வேண்டுகோள் நிறைவேற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1912இல் பிரெடெரிக் லூயி என்னும் ஜெர்மானிய ஆய்வாளர், இந்நோயால் இறந்தவர்களின் மூளை உயிரணுக்களுக்குள் உருண்டையான துகள்கள் இருப்பதைக் கண்டார். 1919இல் பாரிசில் திரெத்தியாகாப் என்பவர் நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதியில் உயிரணுக்கள் அழிந்துபோயிருப்பதைக் காட்டினார். துகள்களுக்கு 'லூயி பொருட்கள்' என்று பெயரிட்டவரும் அவரே. அத்துகள்களில் முதன்மையாக அடங்கியிருப்பது என்ன என்பது 1997 வரை யாருக்கும் தெரியாது.

கருநிறப் பகுதியின் உயிரணுக்கள் டோபமீன் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து உடலின் அசைவுகளைச் சீர்படுத்துகின்றன. நோயாளிகளின் மூளையில் டோபமீன் மிகவும் குறைந்துபோவதை 1960இல் வியன்னாவில் ஆர்னிகேவிச் கண்டுபிடித்தார். அதனை ஈடுசெய்ய எல்-டோபா என்னும் மருந்து வழக்கத்திற்கு வந்தது. (இதே எல்-டோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் பிரித்தெடுத்து வெளியிட்டவர்கள் தாமோதரன், ராமசாமி என்னும் சென்னை ஆய்வாளர்கள். அப்போது அதற்கும் நடுக்குவாதத்திற்கும் உள்ள தொடர்பை எவரும் அறியவில்லை.) எல்-டோபா நடுக்கத்தையும் விறைப்பையும் தணித்தது. உயிரணுக்கள் அழிவதை அது நிறுத்தவில்லை. அவை ஏன் அழிகின்றன என்ற கேள்வி அப்படியே நின்றது.

குடும்ப வழி பற்றிய ஐயம் பழையதே. நோயாளிகளுள் நூற்றுக்குப் பதினைந்து பேரின் உறவினருக்கும் இந்நோய் இருந்ததாக 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே லண்டன் மருத்துவர் கவர்ஸ் எழுதியிருந்தார். இதைத் தீர்த்துவைக்க அமெரிக்காவில் இரட்டையர்களை ஆராய்ந்தனர். ஒரே கருவிலிருந்து தோன்றிய இரட்டையருக்கு மரபணுக்கள் ஒன்றே. ஒருவருக்கு வந்த நோய் மற்றவருக்கும் வந்தால் அதில் மரபின் பங்கு உண்டு எனக் கொள்ளலாம். 1983இல் வெளியான ஆய்வில் இத்தகைய 43 இணையர் இருந்தனர். இருவருக்குமே நோய் இருந்தது ஓர் இணையரில் மட்டுமே. அதே ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. கள்ளத்தனமாகத் தயாரித்த போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர் திடீரென்று நடுக்குவாத நோயாளிகளைப் போல உறைந்துபோயினர். அப்பொருளில் கலந்திருந்த நஞ்சு கருநிறப் பகுதியைத் தாக்கியிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் நோய்க்குக் காரணம் சூழலில் உள்ள நஞ்சே என்றும், மரபுக்கு இதில் வேலையில்லை என்றும் முடிவு கட்டினர். இரட்டையருள் ஒருவருக்கு ஐம்பதில் வரும் நோய் மற்றவருக்கு எழுபதில் வரலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஸ்பிங்சின் விடுகதை

இனி நடுக்குவாதத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, மூளைக் கொழுப்பின் பக்கம் திரும்புவோம்.

மூளையை உலர்த்தி நீரை அகற்றிவிட்டால், எஞ்சும் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்புப் பொருட்களே. கொழுப்பு என்றதும் நெய்யையும் தொந்தியையும் நினைத்துவிடக் கூடாது. மூளையிலுள்ளவை சேமிப்புக்காக வைத்த கொழுப்புகள் அல்ல. உயிரணுக்களின் சவ்வுகளும் நரம்பிழைகளின் மேலுறைகளும் இவற்றால் ஆனவை. வேதியியலார் இவற்றை லிப்பிடுகள் என்பர்.

இவற்றை முறையாகப் பிரித்தறிய முதலில் துணிந்தவர் துடிக்கம். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறிய மருத்துவர் அவர். மாட்டு மூளைகளையும் மனித மூளைகளையும் சாராயத்திலும் ஈதரிலும் கரைத்துக் கரைத்து, ஒவ்வொரு பொருளாகப் பிரித்தார். 1884இல் அவர் வெளியிட்ட நூல் மூளையின் வேதியியலுக்கு அடித்தளமாக அமைந்தது. அவர் பிரித்தெடுத்தவற்றுள் ஒன்று பிடிகொடுக்காமல் அவரைத் திணற அடித்தது. கிரேக்கப் புராணத்தில் வழிப்போக்கர்களை விடுகதை கேட்டு மடக்கும் ஸ்பிங்ஸ் என்னும் விலங்கின் நினைவாக அதற்கு அவர் 'ஸ்பிங்கோசின்' என்று பெயர் வைத்தார். அக்காலப் பெரும் வேதியியலார் சிலர் அவருடைய முடிவுகளை ஏளனம் செய்தனர். மூளையில் இருப்பது ஒரே பெரும் பொருள் என்பது அவர்கள் கட்சி. 1901இல் துடிக்கம் இறந்த பின்னரே அவர் சொன்னது சரியென்று உலகம் ஏற்றது.

ஸ்பிங்கோசினோடு ஒரு கொழுப்பு அமிலம் சேர்ந்தால் செராமைடு. செராமைடோடு ஒரு குளுக்கோஸ் சேர்ந்தால் குளுக்கோசெரிப்ரோசைடு. பெயர் நாக்கைச் சுளுக்கவைத்தாலும் பொருள் எளிது: வாலில் கொழுப்பும் தலையில் சர்க்கரையும் கொண்ட ஒரு மூலக்கூறு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை அதைச் சுற்றியே நடக்கிறது.

மண்ணீரலில் தேங்கிய கொழுப்பு

துடிக்கம் தம் நூலை வெளியிடுவதற்கு ஈராண்டு முன், பாரிசில் பிலிப் கோஷே என்னும் மருத்துவ மாணவர் பட்டத்திற்கான ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தார். 32 வயதுப் பெண்ணொருத்தியின் மண்ணீரல் மிகப் பெரிதாக வீங்கியிருந்தது. அதை அறுத்துப் பார்த்தபோது பருத்த, விசித்திரமான உயிரணுக்கள் நிறைந்திருந்தன. அவர் அதை ஒருவகைப் புற்றுநோய் என்றே எண்ணினார். அது தவறு எனப் பின்னர் தெரியவந்தது. எனினும் நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. (நம் ஊர் மருத்துவ நூல்கள் சிலவற்றில் 'காச்சர் நோய்' என்று காண்பதும் இதுவே.)

உருப்பெருக்கியில் அந்த உயிரணுக்களின் உட்பகுதி கசக்கிய மெல்லிய தாளைப் போலத் தோன்றும். அப்படிக் கசங்கித் தெரிவது தேங்கிய கொழுப்பு. அது குளுக்கோசெரிப்ரோசைடு என்பதை 1934இல் ஆகியோன் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் தெளிவுபடுத்தினார். ஆக, மூளைப் பொருட்களை ஆராய்ந்தபோது அறியப்பட்ட கொழுப்பு வகையொன்று, மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மச்சையிலும் மலையாகக் குவிந்து கிடந்தது!

ஏன் குவிகிறது? உடல் அதை அளவுக்கு மீறி உண்டாக்குகிறதா? அல்லது உண்டானதைச் சிதைக்க முடியவில்லையா? அமெரிக்கத் தேசிய உடல்நல நிலையத்தில் பணியாற்றிய ராஸ்கோ பிராடி இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். நோயாளிகளிடமிருந்து அகற்றிய மண்ணீரல் துண்டுகளைச் சோதித்ததில் கொழுப்பு உண்டாகும் வேகம் இயல்பாகவே இருந்தது. எனவே குறை சிதைவில்தான் இருக்க வேண்டும். அதை மெய்ப்பிக்கக் கதிரியக்கக் கார்பனைப் பொருத்திய குளுக்கோசெரிப்ரோசைடைச் செய்து பார்த்தார். நலமானவர்களின் மண்ணீரலில் ஒரு நொதி அதன் தலையிலுள்ள குளுக்கோசைத் துண்டித்தது. நோயாளிகளின் மண்ணீரலில் அந்த நொதியின் செயல் மிகக் குறைவு. ஆண்டு 1965.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் பெல்ஜியத்தில் கிறிஸ்தியான் த துய்வ், உயிரணுவினுள் லைசோசோம் என்னும் நுண்பைகளைக் கண்டறிந்திருந்தார். வீட்டிலுள்ள பழைய பொருளை வாங்கி உடைத்துப் பிரித்து மறுபடி பயன்படச் செய்பவரைப் போல, லைசோசோம் தேய்ந்த சவ்வுகளையும் பழுதான புரதங்களையும் உடைத்துத் தருகிறது. பிராடி கண்ட நொதி வேலை செய்யும் இடமும் அதுவே. இரத்தத்தின் பழைய அணுக்களை விழுங்கும் பெரிய உயிரணுக்கள் மண்ணீரலில் மிகுதி. விழுங்கியவற்றின் சவ்வுக் கொழுப்பை உடைக்க முடியாமல் அவை உப்பிப் போகின்றன.

பிராடி அதோடு நிற்கவில்லை. இல்லாத நொதியை வெளியிலிருந்து கொடுத்துப் பார்க்க விரும்பினார். மகப்பேறு மனைகளில் எறிந்துவிடும் நஞ்சுக்கொடியிலிருந்து நொதியைப் பிரித்து 1970களின் நடுவில் இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றினார். நொதி சேர வேண்டிய உயிரணுக்களைச் சென்றடையுமாறு அதன் சர்க்கரைக் கிளைகளை நறுக்கித் திருத்த மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 1991இல் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. வீங்கிய வயிறு வற்றியது, சோகை நீங்கியது, குழந்தைகள் வளர்ந்தனர். மருந்தின் விலை மட்டும் சாதாரணக் குடும்பங்கள் கனவிலும் எட்ட முடியாததாக இருந்தது.

ஒரு பாகுபாடு மறைத்த உண்மை

கோஷே நோயை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம். இரண்டாம் வகை பச்சிளங் குழந்தைகளின் மூளையைத் தாக்கிக் கொல்லும். மூன்றாம் வகை மெதுவாக நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும். பெரும்பாலோருக்கு வரும் முதல் வகையில் மூளைக்குக் கேடில்லை என்று பாடநூல்கள் எழுதின. வகையின் வரையறையே அதுதான். இத்தகைய பாகுபாடு மாணவர் மனப்பாடம் செய்ய வசதியானது. ஆனால் 'மூளைக்குக் கேடில்லை' என்று பெயரிலேயே எழுதிவைத்த பிறகு, முதல் வகை நோயாளி ஒருவரின் கை நடுங்கினால் மருத்துவர் என்ன நினைப்பார்? தற்செயல் என்று விட்டுவிடுவார். ஓரிரு தனிக் குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்தும் அவை கவனம் பெறவில்லை.

கோஷே நோய் ஐரோப்பாவிலிருந்து பரவிய அஷ்கெனாசி யூதர்களிடையே மற்றவர்களைவிட மிகுதி. எனவே இஸ்ரேலில் இந்நோய்க்கெனத் தனி மருத்துவப் பிரிவுகள் ஏற்பட்டன. ஏராளமான நோயாளிகளை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்ததால், மற்ற இடங்களில் தனித்தனியாகச் சிதறிக் கிடந்த செய்தி அங்கே ஒன்றுசேர்ந்து தெரிந்தது. 1996இல் ஜெருசலேமைச் சேர்ந்த சிம்ரான் முதலியோர், முதல் வகைக் கோஷே நோயுடன் நடுக்குவாதமும் கண்ட ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினர். இவர்களுக்கு நடுக்கம் இளமையிலேயே தொடங்கி வேகமாக முற்றியது. வழக்கமான மருந்துகளுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை. பார்க்கின்சன் ஆறு பேரை வைத்துத் தொடங்கியது போலவே இதுவும் ஆறு பேரில் தொடங்கியது.

அமெரிக்கத் தேசிய உடல்நல நிலையத்தில் எலன் சிட்ரான்ஸ்கி என்னும் குழந்தை மருத்துவரும் அவர் குழுவினரும் இதைத் தொடர்ந்தனர். 2003இல் அவர்கள் இத்தகைய 17 நோயாளிகளைத் தொகுத்தளித்தனர். இறந்த சிலரின் மூளையில் லூயி பொருட்கள் இருந்தன. ஆகவே நடுக்கம் தற்செயல் என்பதற்கு இனி இடமில்லை.

இதைவிடப் பெரிய வியப்பு நோயாளிகளின் குடும்பங்களில் காத்திருந்தது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. இரண்டும் பழுதானால்தான் கோஷே நோய் வரும். ஒன்று மட்டும் பழுதானவரை நோய் தாங்கி என்பர். அவர் நலமானவர், பிள்ளைகளுக்குக் கடத்தக் கூடியவர் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல வேறு ஏதுமில்லை என்றே மரபியல் நூல்கள் கற்பித்தன. ஆனால் குடும்ப வரலாற்றைக் கேட்டபோது, கோஷே நோயாளிகளின் பெற்றோர், தாத்தா பாட்டியர், பெற்றோருடன் பிறந்தோர் ஆகியோரில் சிலருக்கு நடுக்குவாதம் இருந்தது தெரியவந்தது. அவர்களுக்குக் கோஷே நோய் இல்லை. அவர்கள் தாங்கிகள்.

இதனை எதிர்ப்புறமிருந்து சோதிக்க வேண்டியிருந்தது. அதாவது கோஷே நோயே இல்லாத, சாதாரண நடுக்குவாத நோயாளிகளிடம் இந்த மரபணு எப்படியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது எளிய வேலையன்று. ஜிபிஏ1 எனப்படும் இம்மரபணு முதலாம் குரோமோசோமில் உள்ளது. அதிலிருந்து சுமார் 16,000 எழுத்துத் தொலைவில் அதைப் போன்றே ஒரு போலி மரபணு உள்ளது. நொதியைச் செய்ய அதற்குத் திறனில்லை. எழுத்துவரிசையோ 96 விழுக்காடு ஒத்திருக்கும். அண்டை வீட்டிலேயே அசலைப் போல ஒரு போலி குடியிருந்தால் கடிதம் கொடுப்பவர் தடுமாறத்தானே செய்வார்! ஆய்வாளர்களும் தடுமாறினர்.

2004இல் இரு விடைகள் வந்தன. மூளை வங்கிகளில் பாதுகாத்த 57 நடுக்குவாத நோயாளிகளின் மூளைகளைச் சிட்ரான்ஸ்கி குழு சோதித்தது. அவற்றுள் 12இல் ஜிபிஏ1 மரபணுவில் திடீர் மாற்றம் இருந்தது. இஸ்ரேலின் ஹைபா நகரில் அகரோன்-பெரெட்ஸ் குழுவினர் 99 அஷ்கெனாசி நோயாளிகளைச் சோதித்தனர். 31 பேரிடம் மாற்றம் இருந்தது. நலமான 1,543 பேரிடையே அது 95 பேரிடம் மட்டுமே, அதாவது நூற்றுக்கு ஆறு பேரிடம், காணப்பட்டது. எண்கள் நம்ப முடியாத அளவுக்குப் பெரியவையாக இருந்ததால் பலர் ஐயுற்றனர். ஐயத்தைப் போக்க 16 ஆய்வு மையங்கள் தம் தகவல்களை ஒன்றுசேர்த்தன. 5,691 நோயாளிகளும் 4,898 நலமானவர்களும் அடங்கிய அந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. நோயாளிகளிடம் ஜிபிஏ1 மாற்றம் இருக்கும் வாய்ப்பு நலமானவர்களைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். யூதர்களிடம் மட்டுமல்ல, ஆராய்ந்த எல்லா இனத்தாரிடமும் தொடர்பு இருந்தது. நடுக்குவாதத்திற்கான மரபு வழிக் காரணிகளுள் இதுவரை அறிந்தவற்றில் பரவலானவற்றுள் இது தலையாயது.

ஆப்பிரிக்கர்களைப் பற்றிய செய்தி மட்டும் தாமதமாக வந்தது. ஏனெனில் அவர்களை எவரும் பெரிய அளவில் ஆராயவில்லை. 2023இல் நைஜீரிய ஆய்வாளர்களும் பிற நாட்டாரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்க வழியினரிடம் இதே மரபணுவில் முற்றிலும் வேறான ஒரு மாற்றம் பரவலாக இருப்பது தெரிந்தது. அது நொதியின் அமைப்பைக் குறிக்கும் பகுதியில் இல்லை. இடையே வெட்டி நீக்கப்படும் பகுதியில் இருக்கிறது. ஒரு படியில் இருந்தால் நோய் வாய்ப்பு ஒன்றரை மடங்காகவும், இரு படிகளிலும் இருந்தால் மூன்றரை மடங்காகவும் உயர்கிறது. ஐரோப்பியரை வைத்து வகுத்த சோதனைப் பட்டியலில் இது இடம்பெறவே இல்லை.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஐந்து மடங்கு என்ற எண்ணைக் கேட்டு அஞ்சுவோர் உண்டு. தாங்கியாக உள்ளவர் எண்பது வயதை அடையும்போது நோய்வாய்ப்படும் வாய்ப்பு, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும், ஏறத்தாழப் பத்தில் ஒன்றிலிருந்து பத்தில் மூன்றுக்குள் அடங்கும். அதாவது தாங்கிகளில் பெரும்பாலோர் நடுக்குவாதத்தைக் காணாமலே முதுமை எய்துகின்றனர். கோஷே நோயாளிகளிலும் பெரும்பாலோர் அப்படியே. மரபணு நோயைத் தருவதில்லை. நோய்க்கு இடம் கொடுக்கிறது. தொடக்கத்தில் கண்ட மகனுக்கும் மகளுக்கும் இன்றைய மருத்துவர் சொல்லக் கூடியது இதுவே.

உயிரணுவுக்குள் நடப்பது

1997இல் இரு கண்டுபிடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இத்தாலியிலுள்ள கோன்துர்சி என்னும் ஊரிலிருந்து கிளைத்த பெரிய குடும்பமொன்றில் நடுக்குவாதம் தலைமுறை தலைமுறையாக வந்தது. அக்குடும்பத்தில் பழுதானது ஆல்பா-சைநியூக்ளின் என்னும் புரதத்தின் மரபணு எனத் தெரிந்தது. சில வாரங்களிலேயே, லூயி கண்ட துகள்களில் நிறைந்திருப்பதும் அதே புரதந்தான் எனக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினர். 85 ஆண்டுகால விடுகதைக்கு விடை கிடைத்தது.

இப்புரதம் கொழுப்புச் சவ்வுகளின் மேல் ஒட்டிக்கொண்டு வேலை செய்வது. சவ்வின் கொழுப்பு மாறினால் அதன் மடிப்பும் மாறக் கூடும். அப்படியானால் கொழுப்பைச் சிதைக்கும் நொதிக்கும் இதற்கும் என்ன உறவு? 2011இல் கிரெய்ன்க் குழுவினர் ஒரு விளக்கம் தந்தனர். நொதி குறைந்தால் லைசோசோமில் குளுக்கோசெரிப்ரோசைடு சேர்கிறது. அதன் அருகில் சைநியூக்ளின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன. திரண்ட சைநியூக்ளினோ, புதிதாக உண்டாகும் நொதி லைசோசோமுக்குப் போய்ச் சேரும் வழியை அடைக்கிறது. நொதி மேலும் குறைகிறது. திரட்சி மேலும் கூடுகிறது. அடைபட்ட சாக்கடையில் சேறு சேரச் சேர அடைப்பு இறுகுவதைப் போன்ற ஒரு சுழற்சி.

மறு ஆண்டில் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து சொன்னது இதற்கு வலுவூட்டியது. ஜிபிஏ1 மாற்றமே இல்லாத நடுக்குவாத நோயாளிகளின் கருநிறப் பகுதியிலும் இந்நொதியின் செயல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அரிதான ஒரு மண்ணீரல் நோய் கற்றுத்தந்த பாடம், எல்லா நடுக்குவாத நோயாளிகளுக்கும் பொருந்தலாம் என்ற எண்ணம் பிறந்தது. லைசோசோமில் மற்றக் கொழுப்புகளைச் சிதைக்கும் நொதிகளின் மரபணுக்களிலும் இதேபோன்ற பழுதுகள் நோயாளிகளிடம் மிகுந்திருப்பதை 2017இல் வந்த ஆய்வு காட்டியது.

விளக்கம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அழகான விளக்கத்தை மருந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். கொழுப்புச் சேர்வதே கேடு என்றால், அது உண்டாவதைத் தடுத்தால் போதும் அல்லவா? வெங்லுஸ்டாட் என்னும் மருந்து அதைச் செய்தது. ஜிபிஏ1 மாற்றமுள்ள 221 நடுக்குவாத நோயாளிகளுக்கு ஓராண்டு காலம் அம்மருந்தோ மருந்தில்லாப் போலியோ கொடுக்கப்பட்டது. மூளைத் தண்டுவட நீரில் குறித்த கொழுப்பு வெகுவாகக் குறைந்தது. நோயாளிகளுக்கோ எந்த நலமும் விளையவில்லை. 2021இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. தாங்கிகளாக இருந்து இறந்த நோயாளிகளின் மூளையில் இக்கொழுப்பு சேர்ந்திருக்கவில்லை என்று 2015இலேயே சிலர் எச்சரித்திருந்தனர். கோஷே நோயை உண்டாக்காத சில ஜிபிஏ1 மாற்றங்களும் நடுக்குவாதத்திற்கு வழிவகுப்பதும் தெரிந்ததே. கொழுப்பின் அளவைவிட, மடிப்புக் கெட்ட நொதி உயிரணுவினுள் வழியிலேயே தங்கிவிடுவதும் லைசோசோம் வலுவிழப்பதும் முக்கியமாக இருக்கலாம் என இப்போது பலர் கருதுகின்றனர். என் எண்ணத்தில், இத்தோல்வி வெற்றிபெற்ற பல ஆய்வுகளைவிட அதிகம் கற்றுத் தந்தது.

ஆடாதோடையின் பேரன்

நொதியையே ஊசியில் ஏற்றினால் என்ன என்று கேட்கலாம். பிராடியின் நொதி பெரிய மூலக்கூறு. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பை அதனால் கடக்க முடியாது. மூளைக்குள் நுழையும் அளவுக்குச் சிறியதாகவும், மடிப்புக் கெட்ட நொதியைத் தாங்கிப் பிடித்து லைசோசோமுக்கு அனுப்பக் கூடியதாகவும் ஒரு பொருள் வேண்டும். 2009இல் டொராண்டோவில் மேகாவா முதலியோர், ஏற்கெனவே வழக்கிலுள்ள 1,040 மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். தேறியவற்றுள் ஒன்று அம்ப்ராக்சால். சளியை இளக்குவதற்காக இருமல் மருந்தில் சேர்க்கப்படும் அதே அம்ப்ராக்சால்தான்.

இதன் குலமரபு நமக்கு வேண்டியது. வேலியோரத்தில் வளரும் ஆடாதோடையின் இலையை இருமலுக்குக் கசாயம் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். அதிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு ஐரோப்பிய வேதியியலார் புரோம்ஹெக்சினைச் செய்தனர். புரோம்ஹெக்சின் உடலில் மாறி உண்டாவது அம்ப்ராக்சால். எனவே இதை ஆடாதோடையின் பேரன் எனலாம். இதை வைத்து ஆடாதோடைக் கசாயம் நடுக்குவாதத்தைப் போக்கும் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பேரன் செய்யும் வேலையைத் தாத்தா செய்வதாக எந்தச் சான்றும் இல்லை.

லண்டனில் ஷாப்பிரா குழுவினர் 17 நோயாளிகளுக்கு ஆறு மாதம் அம்ப்ராக்சால் கொடுத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. மருந்து தண்டுவட நீரை எட்டியது. அங்கே நொதிப் புரதத்தின் அளவு 35 விழுக்காடு உயர்ந்தது. அவர்கள் கொடுத்த அளவு நாளொன்றுக்கு 1,260 மில்லிகிராம். இருமலுக்கு வளர்ந்தவர் எடுத்துக்கொள்வது வழக்கமாக 90 மில்லிகிராம். ஆகவே கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தால் இந்தப் பயன் கிடைக்காது. மருத்துவர் பார்வையின்றி அளவைக் கூட்டுவதோ ஆபத்து.

அந்த லண்டன் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து பெற்ற குழு இல்லை. எனவே நோயின் போக்கு மாறியதா என்பதை அதனால் சொல்ல இயலாது. அதைத் தீர்மானிக்க 2025இல் பிரிட்டனில் பெரிய சோதனை ஒன்று தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 330 நடுக்குவாத நோயாளிகளைச் சேர்த்து ஒவ்வொருவரையும் இரண்டாண்டு காலம் கவனிப்பது திட்டம். ஒரு பகுதியினருக்கு அம்ப்ராக்சால். மற்றவர்களுக்கு அதைப் போலவே தோன்றும் மருந்தில்லாப் போலி. யாருக்கு எது கிடைக்கிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது.